இரண்டாம் பாகம் அவனிடம் இருந்தது

குதிரை, துப்பாக்கி, மந்திரம் எல்லாம் கலந்த நாவலை ஐம்பத்தாறு வயதில் நான் எதற்குப் படிக்க வேண்டும்? எல்லாம் பெற்ற வயிறு படுத்துகிற பாடுதான். தி. நகரில் எங்கள் பாத்திரக் கடையில் உட்கார்ந்துகொண்டு, குக்கர் விலை கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்துகொண்டு, பதினெட்டு நாளில் முந்நூறு பக்கம் படித்து முடித்தேன்.

என் மகன் ஜவஹர் வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. வேறு மதத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றான். "அவளை அனுப்பிட்டு வா, இல்லன்னா இந்தப் படி ஏறாத" என்றேன். ஏறவில்லை. எனக்குப் பிறந்தவன் ஆயிற்றே, வீம்புக்குக் கேட்கவா வேண்டும்! அவளை நான் 'அந்தப் பொண்ணு' என்றுதான் சொல்வேன். பேரைச் சொன்னதே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் புது நம்பரில் இருந்து ஒரு போன் வந்தது. "அத்தை, நான்..." என்று ஒரு குரல். அந்தப் பொண்ணுதான் என்று தெரிந்ததும் கட் பண்ணிவிட்டேன். எதற்குக் கூப்பிட்டாள் என்று கேட்கக்கூட இல்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மகனைக் கூப்பிட்டால் அவன் எடுக்கவில்லை.

அடையாறில் ஒரு நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை புத்தகம் பேசுவார்கள், அதற்கு மட்டும் அண்ணன் தவறாமல் வருவான் என்று என் தங்கை மகள் சரண்யா சொன்னாள். மறுநாளே போய் அதில் சேர்ந்துகொண்டேன். அந்த மாதத்து நாவல் தடிமனானது. ஒரே பிரதிதான் என்பதால் இரண்டாகப் பிரித்து பைண்டு பண்ணி, ஆள் மாற்றி ஆளுக்குக் கொடுப்பார்கள். எனக்கு முதல் பாகம் வந்தது. இரண்டாம் பாகம் யாரிடம் என்று பட்டியலைப் பார்த்தேன். ஜவஹர் என்று எழுதியிருந்தது.

கூட்டத்தை நடத்துகிறவர் சூடாமணி, மயிலாப்பூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நம்மாத்து விஷயமெல்லாம் இங்க வேண்டாம். புஸ்தகத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்" என்று சனிக்கிழமை கூட்டம் தொடங்கியதுமே சொல்லிவிட்டார்.

ஜவஹர் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தான். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தான். "வாங்கோ, ஒக்காருங்கோ" என்று சூடாமணி அழைத்ததால் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

நாவலில் ஒரு பாலைவன ஊர் வருகிறது. அங்கே ஷெரிஃப், அதாவது ஊர்க்காவல் அதிகாரி, ஒரு பெண். ஊருக்கு வெளியே புழுதி மனிதர்கள் திரிகிறார்கள்; அவர்கள் உள்ளே நுழைந்தால் ஊரே புழுதியாகிவிடுமாம். அவர்களில் ஒருத்தியை ஷெரிஃபின் மகன் கட்டிக்கொண்டு வருகிறான். தாய் ஊர்க்கதவைச் சாத்திவிடுகிறாள். அதோடு முதல் பாகம் முடிகிறது.

"அந்தம்மா பண்ணது அநியாயம்" என்றார் லாரன்ஸ் என்பவர். "பெத்த புள்ளைய வெளிய வுட்டு கதவை சாத்திக்கினா. இன்னா மனுஷி அவ?"

எனக்குச் சுருக்கென்றது. "கதவைத் தொறந்தா ஊர்ல எல்லாரும் புழுதியாப் போயிருவாவளே, அவ என்ன செய்வா? உள்ள உக்காந்து அழுதிருக்க மாட்டாளா? பெத்தவளுக்கு இல்லாத வலி உங்களுக்கு வந்துட்டாக்கும்!"

ஜவஹர் புத்தக அட்டையைப் பார்த்தபடி பேசினான்.

"ரெண்டாம் பாகத்துல அவ தேடிப் போறா. பாலைவனம் பூரா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறா. அவனுக்குக் கேக்குது. ஆனா பதில் சொல்ல மாட்டான்."

"ஏன்?" என்றேன்.

"அவன் பேரை மட்டும்தான் கூப்பிடுறா. கூடப் போனவ பேரை ஒரு தடவைகூடச் சொல்லல."

"பேஷ், இதை நான் கவனிக்கவே இல்லையே" என்று சூடாமணி நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

கூட்டம் கலைந்ததும் அவன் இரண்டாம் பாகத்தை என்னிடம் நீட்டினான். "அடுத்து உங்க பேருதான் இருக்கு." பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளை. அந்த 'உங்க' என்னைக் கொன்றுவிட்டது.

புத்தகத்தைப் பிடித்தபடி கேட்டேன். "ஃபிர்தௌஸ் எப்பிடில இருக்கா?"

அவன் முகம் கோணியது. "இப்பதான் கேக்கத் தோணுச்சா? மூணு வாரம் முன்னாடி கரு கலைஞ்சு போச்சும்மா. ஆஸ்பத்திரில அவங்கம்மாவும் இல்ல, நீயும் இல்ல. நான் மருந்து வாங்கப் போனப்ப உனக்கு போன் பண்ணிருக்கா. கேட்டா, 'அத்தை எடுத்தாங்க, சிக்னல் இல்லாம கட்டாயிடுச்சு'ங்கிறா."

காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். படுத்த படுக்கையில் இருந்துகொண்டு, அவனிடம் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள்.

"சிக்னல் இருந்துதுல" என்றேன். "நாந்தான் கட் பண்ணேன்."

அவன் படியிறங்கினான். "புஸ்தகத்துக்குக் கையெழுத்துப் போடலியே" என்று சூடாமணி பின்னாலிருந்து கூப்பிட்டார். புத்தகத்தை நாற்காலியிலேயே போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினேன்.

வண்டியைக் கிளப்பிவிட்டு, போகாமல் நின்றுகொண்டிருந்தான்.

"வீடு எங்கல?"

"சிந்தாதிரிப்பேட்டை."

"அவகிட்ட நானே சொல்லணும்."

வா என்று அவன் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டிப் பக்கத்தில் இன்னொரு ஹெல்மெட் தொங்கியது. நானே எடுத்தேன். அவளுடையது, என் தலைக்குச் சின்னது. காது வலிக்க அழுத்தி மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.