நிற்காமல் ஏறும் சார்ஜ்

ஒயூகி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நகரத் தொடங்கிய படகின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கினான்.

"கையை எடுடா தம்பி. மீன் பிடிக்க ஆசைன்னா நாளைக்கு வா," என்றான் படகுக்காரன் ஒவிட்டி, எஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றியபடி.

"அண்ணே, காலையில என் கடையில வாங்குன போனைக் குடுங்க. வேற தர்றேன்."

"வித்ததைத் திரும்பக் கேட்டு ஏரிக்குள்ளயே வந்த கடைக்காரன் நீ ஒருத்தன்தான்."

படகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒயூகிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போன் பெட்ரோல் கேனின் மேல், முதுகை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. முதுகில் காகிதம் போல மெல்லிய சூரியத் தகடு. அதற்கடியில் நகம் அளவு சர்க்யூட். மேகம் மூடிய நாளிலும் கிடைக்கிற துளி வெளிச்சத்தைச் சேர்த்து பேட்டரிக்கு அனுப்பும். சூடு அதிகமானால் தானே நின்றுவிடும்.

அங்கேதான் வினை. இந்தக் கரையில் எல்லோரும் போனைத் தகரக் கூரைமேல் போட்டுத்தான் வெயில் காட்டுவார்கள். உச்சி வெயிலில் சார்ஜ் நின்றதும், 'வெயில் கொளுத்துறப்ப உன் போன் தூங்குது' என்று கடைக்கு வந்து சண்டை. ஒயூகி யோசித்தான். சூடு கண்டு நிறுத்தும் உறுப்பின் மேல் ஒரு பொட்டு ஈயம் வைத்து அதன் வாயை அடைத்தான். 'நிற்காமல் ஏறும்' என்று பலகை எழுதினான். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

போன மாதம் திடீரென்று நிறுத்திவிட்டான். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. மிச்சத்தைப் பெட்டியில் போட்டு மூடியவன், ஏற்கெனவே விற்றவற்றை நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டான். இன்று அவன் இல்லாத நேரம், விவரம் தெரியாத மனைவி அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை ஒவிட்டிக்கு விற்றிருந்தாள். பெட்ரோலோடு நடு ஏரிக்குப் போகிறவனுக்கு.

"சூடேறினா தீப்பிடிக்கும்ணே. கேனை விட்டுத் தள்ளி வைங்க முதல்ல."

போனை எடுத்த ஒவிட்டி கையை உதறினான். அதன் முதுகு எண்ணெயில் போட்ட மண்டாசிப் பணியாரம் போல உப்பியிருந்தது. ஒயூகி அதை வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடி மணலில் புதைத்தான். படகும் பின்னாலேயே வந்து கரை தட்டியது.

"தெரிஞ்சேவா வித்தே?" ஒவிட்டியின் குரல் தணிந்திருந்தது.

"தெரிஞ்சுதாண்ணே."

"சார்ஜ் நின்னா ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன். என் திட்டுக்குப் பயந்து என் உயிரை வித்திருக்கியே. வாங்குறவன் கேக்குறான்னு காவலை அறுத்துட்டுக் குடுக்கிறது வியாபாரம் இல்லடா. அவன் முகம் சுளிச்சாலும் அவன் உயிரைப் பார்த்து விக்கிறதுதான் வியாபாரம்."

கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அபோந்தி கரண்டியை நீட்டினாள். "நல்லாக் கேளு. போன மாசம் என் அடுப்புப் பொறியாலதான் கடைவரிசை எரிஞ்சதுன்னு சந்தைக் குழு என்னை இங்க துரத்துச்சு. இவனை எங்க துரத்துவாங்களாம்?"

ஒயூகி தன் சொந்தப் போனை ஒவிட்டியின் கையில் வைத்தான். "வித்தது எல்லாத்தையும் வீடு வீடாப் போய் வாங்கி, ஈயத்தைச் சுரண்டிக் குடுக்கிறேண்ணே. இன்னைக்கே தொடங்கறேன்."

"அது சரி. தீப்பிடிக்கும்னு அவ்வளவு உறுதியா உனக்கு எப்படித் தெரியும்?"

ஒயூகி அபோந்தியின் மீன்கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"கிளம்புங்க அக்கா, சந்தைக்கு. குழு முன்னாடி நான் பேசணும். உங்க பழைய இடத்துலயே அடுப்பு வைங்க. அன்னைக்குத் தீ உங்க அடுப்புல இருந்து வரல. என் கடை மேசையில வெயிலுக்கு வெச்சிருந்த போன்ல இருந்து வந்துச்சு."