தட்டில் கடைசித் துண்டு

“அக்கா, நீங்க கடைசியா எப்ப அவசரமில்லாம ஆறுதலா இருந்து சாப்பிட்டீங்க?” என்று ரம்ஸியா ஒருநாள் கேட்டாள். கனடாவின் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் இடத்தில், ஓடும் பெல்ற்றின் இரண்டு பக்கமும் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டி மூன்றையும் ஒரு துடைப்புத்தாளில் இறுக்கிச் சுற்றி, தட்டின் இடது மூலையில் வைப்பது பாலேஸ்வரியின் வேலை. யோசிக்கப் போனதில் இரண்டு தட்டுகள் வெறுமையாய்க் கடந்துவிட்டன. அவற்றைப் பிடிக்க ஓடியதில் பதில் சொல்ல மறந்துபோனாள்.

பதில் செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நயாகராவில் ஓரிரவு தங்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு வைன் தோட்டத்துக்குள் இருந்த சாப்பாட்டுக்கடையில், வெள்ளைத்துணி விரித்த மேசையில் பாலேஸ்வரி இருந்தாள். நேரம் பன்னிரண்டரை. நாலு மணிக்கு அவளுக்கு வேலை.

எதிரில் சம்மந்தி கிளிபோட். வங்கியில் ஓய்வுபெற்று விட்பியில் இருப்பவர். இந்தச் சாப்பாடு அவருடைய உபயம். பக்கத்தில் மகன் வாகீசனும் மருமகள் நிலக்சியும். கலியாணம் பேசும்போது, அம்மா இப்ப வேலைக்குப் போறதில்லை என்று வாகீசன் கிளிபோட்டிடம் சொல்லியிருந்தான். அது முழுப்பொய் என்றும் சொல்லமுடியாது. அந்தக் கிழமை அவளுக்குக் காய்ச்சல், வீட்டில்தான் நின்றாள்.

அதனால் இன்றைக்கு அவள் மிசிசாகாவில் ஒரு பூசைக்குப் போவதாகக் கிளிபோட்டுக்குச் சொல்ல ஏற்பாடு. பூசைக்கு வேண்டிய இரும்புமுனைச் சப்பாத்தும் தலைமயிரை மூடும் வலையும் அவர்கள் வந்த வான் வண்டியின் பின்பக்கம் ஒரு பைக்குள் இருந்தன. பனிக்காலத்தில் பஸ் பிந்தியதால் இரண்டுதரம் அவள் வேலைக்குப் பிந்தியிருந்தாள். மூன்றாம்தரம் பிந்தினால், அங்கே ஆள் அனுப்புகிற ஏஜென்சி பிறகு கூப்பிடாது. ஒரு மணித்தியாலத்தில் சாப்பிட்டு எழும்பிவிடலாம் என்று வாகீசன் காதுக்குள் சொன்னான்.

கிளிபோட் ஐந்து வகைச் சாப்பாட்டுக்குப் பதிந்திருந்தார். முதல் தட்டு வந்தது. சீஸ் பூசிய ஐந்து பாண் துண்டுகள். நாலுபேரும் ஒவ்வொன்று எடுத்தார்கள். ஐந்தாவது மிஞ்சியது.

“நீங்கள் எடுங்கோ சம்மந்தி.”

“சீச்சீ, நீங்கள் எடுங்கோ.”

தட்டு மேசையை இரண்டுமுறை சுற்றிவந்து நடுவில் நின்றது. கடைசித் துண்டை எடுப்பதற்கு அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை. பரிமாறுகிற பெண் வந்தாள், அந்தத் துண்டைப் பார்த்தாள், அவசரமே இல்லை என்று சிரித்துச் சொல்லிவிட்டுப் போனாள். கிளிபோட் கிளாசைச் சுழற்றி, வைனை எப்படி முகர வேண்டும் என்று விளக்கினார். பெண் மறுபடி வந்து, மறுபடி சிரித்துவிட்டுப் போனாள். நேரம் ஒன்றரை.

பக்கத்து மேசையில் ஒரு தட்டு வெறுமையாகியது. உடனே அடுத்தது வந்தது. பாலேஸ்வரி அதைக் கவனித்தாள். பெல்ற் எங்கே சிக்கி நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அவளுக்குப் பழகிய விசயம். எட்டிக் கடைசித் துண்டை எடுத்து வாய்க்குள் போட்டாள்.

இரண்டே நிமிடத்தில் பீற்றூட் வந்தது. அதிலும் ஐந்து. தன்னுடையதை விழுங்கி முடித்ததும் மிஞ்சியதையும் எடுத்தாள். மூன்றாவதாகத் தாரா, அதாவது வாத்து இறைச்சி. அதையும் அப்படியே செய்தாள். வாகீசன் மேசைக்குக் கீழே அவளுடைய காலைத் தட்டினான். நிலக்சி போனைப் பார்த்தாள். கிளிபோட்டுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது.

“சம்மந்திக்குத் தாரா நல்லாப் பிடிச்சிட்டுது. இன்னொரு தட்டுச் சொல்லுவம்.”

வேண்டாம் என்றாள் பாலேஸ்வரி. இரண்டாம்தரமும் வேண்டாம் என்றாள். மூன்றாம்தரம் கையாலும் மறித்தாள். மூன்றுதரம் மறுப்பது மரியாதை. அதை மறுப்பு என்று ஒருவரும் எடுப்பதில்லை. புதிதாகச் சமைக்க நாற்பது நிமிடம் செல்லும், பரவாயில்லையா என்று பெண் கேட்டாள். கிளிபோட் தாராளமாகத் தலையாட்டினார்.

கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் வைனுக்கு முந்திரிகைக் குலைகள் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கொடி நிரைகளுக்கு நடுவில் நின்றபடியே பாண் தின்றான். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினான். நல்ல வியூ என்று சொல்லி கிளிபோட் படம் எடுத்தார்.

இரண்டே முக்காலுக்கு பாலேஸ்வரி, தான் பிந்துவேன் என்று றிச்சர்ட்டிடம் சொல்லச்சொல்லி, மடியில் போனை வைத்து ரம்ஸியாவுக்கு எழுதினாள். றிச்சர்ட்தான் அங்கே சூப்பவைசர். மூன்று மணிக்கு ஏஜென்சியிடமிருந்து செய்தி வந்தது. அவளுடைய இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, இனி வரத் தேவையில்லை, இதுவரை செய்த சேவைக்கு நன்றி. போனை வாகீசன் பக்கம் தள்ளினாள். அவன் வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

அப்போதுதான் தாரா வந்தது. ஐந்து துண்டுகள். எல்லோருமாகத் தட்டை அவள் முன்னால் நகர்த்தினார்கள்.

“ஆறுதலாச் சாப்பிடுங்கோ சம்மந்தி. பூசைதானே, உங்களுக்கு என்ன அவசரம்?” என்றார் கிளிபோட்.

அவள் ஆறுதலாகச் சாப்பிட்டாள். ஒவ்வொரு துண்டையும் மெதுவாக வெட்டி, மெதுவாக மென்று, கடைசித் துண்டையும் சாப்பிட்டாள். பிறகு தன்னுடைய கத்தி, கரண்டி, முள்ளுக்கரண்டியைத் துடைப்புத்துணியில் வைத்து இறுக்கிச் சுற்றினாள். மகனுடையதை இழுத்துச் சுற்றினாள். மருமகளுடையதை, சம்மந்தியுடையதை. நாலையும் அவரவர் இடப்பக்கத்தில் வைத்தாள். இன்னும் இரண்டு வகை வர இருந்தன.

கிளிபோட் தன்னுடையதை எடுத்து உருட்டிப் பார்த்தார். பனிக்காலம் முழுக்க புளோரிடாவுக்குப் பறக்கிறவர் அவர்.

“அட, பிளேனில தாறது மாதிரியே இருக்குது. எங்க பழகினனீங்கள்?”

பாலேஸ்வரி கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். கைப்பையைத் தோளில் போட்டாள். சப்பாத்துப் பை இருந்த வான் வண்டியை நோக்கி நடந்தாள்.