புகைக்கல் வீட்டுப் புகுவிழா

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, ஈரம் காயாத கற்களுக்குள் செலுத்தினால் கல் இறுகும். வாயுவும் வெளியேறாமல் கல்லோடு கல்லாகிவிடும். செங்கல்பட்டு ஆலையின் பொறியாளர் கிருஷ்ணபிரசாத் இதை அந்த ஊரில் பலமுறை விளக்கியிருந்தார். ஊர் அதற்குப் புகைக்கல் என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டது.

2007ஆம் ஆண்டின் தை மாதத்தில், மாமல்லபுரம் போகும் சாலையோரம் அந்தக் கல்லால் ஒரு மாதிரி வீடு எழுந்தது. ஆலையில் கல் அடுக்கும் காசிநாதனுக்கே அதைத் தருவதாக ஏற்பாடு. நிபந்தனை ஒன்றுதான்: ஊரார் அந்த வீட்டுக்குள் நிற்கும் படம் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று கிடைக்காவிட்டால் வீட்டை இடித்துவிடுவார்கள். காசிநாதனும் அவன் மனைவி சின்னப்பொண்ணும் அதுவரை அவனுடைய அண்ணனின் மாட்டுக்கொட்டகையில் வாழ்ந்தார்கள். சாக்குத் தடுப்புக்கு ஒருபுறம் அவர்கள். மறுபுறம் சின்னப்பொண்ணின் செவலைப் பசுவும் அதன் கன்றும்.

புகுவிழா அன்று ஊர் திரண்டு வந்தது. பந்தலில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது. வாசற்படியை மட்டும் ஒருவரும் மிதிக்கவில்லை.

"கல்லு ஏப்பம் வுட்டா இன்னா சார் பண்றது?" என்றான் பக்கத்துத் தெருக் கருப்பன். "தூங்கசொல்லோ பொக வெளிய வந்துச்சுன்னா, காலைல எங்கள வாரிகினு போவ நீ வருவியா?"

பந்தல் சிரித்தது.

"அது இப்ப புகையே இல்லீங்க. கல்லாவே மாறிடுச்சு," என்றார் கிருஷ்ணபிரசாத்.

"உன் வூட்ட இந்தக் கல்லுலதான் கட்டிக்கீறியா?"

"நாங்க ஃபிளாட்ல இருக்கோம்."

"அப்போ சோதன பண்ண நாங்கதான் கெடச்சமா? மாடு மொதல்ல போவட்டும் சார். விசக்காத்து இருந்தா அதுக்குத் தெரியும். அது போனா நாங்களும் வர்றோம்."

ஊர் முழுவதும் அதற்குத் தலையாட்டியது. புதுவீட்டில் முதலில் நுழைய வேண்டியதும் பசுதானே.

சின்னப்பொண்ணு பசுவையும் கன்றையும் மஞ்சள் குங்குமத்தோடு கூட்டி வந்தாள். கழுவிவிட்ட டைல்ஸ் தரை பளபளத்தது. பசு ஒரு குளம்பை எடுத்து வைத்து, முகர்ந்து, பின்வாங்கியது.

"பாத்தியா, பாத்தியா!" என்று கருப்பன் கத்தினான்.

காசிநாதன் வாலை முறுக்கினான். மூங்கில் கழியால் விளாவில் அடித்தான்.

"அடிக்காதய்யா," என்றாள் சின்னப்பொண்ணு. "கொஞ்ச நேரம் வுடு, தானா வரும்."

"நல்ல நேரம் முடியப்போகுது," என்று கிருஷ்ணபிரசாத் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

காசிநாதன் கன்றைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகக் கூடத்துக்குள் போனான். அதன் காதைப் பிடித்துத் திருகினான். கன்று அலறியது. மறுகணம் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நான்கு கால்களும் ஈரத் தரையில் நான்கு பக்கம் வழுக்கின. பின்னங்கால் முறிந்த ஓசை பந்தல் வரைக்கும் கேட்டது.

அதன்பின் புகையைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலில் வாசலைத் தாண்டி ஓடியவன் கருப்பன். அவன் பின்னால் ஆண்களும் பெண்களுமாகக் கூடம் நிறைந்துவிட்டது. வயிற்றுக்கடியில் வேட்டிகளைக் கொடுத்து, "தூக்கு, மெதுவா தூக்கு" என்று பசுவை அரையளவு நிமிர்த்தினார்கள். சின்னப்பொண்ணு மண்டியிட்டு அதன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

காசிநாதன் சுற்றிலும் பார்த்தான். ஊர் உள்ளே நின்றது.

"சார், கேமராவ எடு!"

"இப்பவா?" கிருஷ்ணபிரசாத் தயங்கினார்.

"இத வுட்டா எவன் சார் உள்ள வருவான்? தே, எல்லாரும் அப்டியே நில்லுங்க! மேல பாருங்க!"

படம் என்றதும் பழக்கத்தில் எல்லா முகங்களும் நிமிர்ந்தன. கைகள் தளர்ந்தன. பசு முறிந்த காலின் மேலேயே மறுபடியும் விழுந்தது. அந்த நொடியில் ஃபிளாஷ் மின்னியது. சின்னப்பொண்ணு மட்டும் நிமிரவில்லை.

தலைமை அலுவலகத்தில் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். கூட்டத்தின் கால்களுக்குப் பின்னே பசு தெரியவில்லை. நிறைந்த கூடமும் நிமிர்ந்த முகங்களும் தெரிந்தன. நிர்வாக இயக்குநர் நெருங்கி வந்து உற்றுப் பார்த்தார்.

"அந்தம்மா ஏன் குனிஞ்சிருக்காங்க?"

"தரையைத் தொட்டுக் கும்பிடறாங்க சார்," என்றார் கிருஷ்ணபிரசாத்.

அடுத்த வாரம் சாவி வந்தது. ஊரில் அதற்குள் அதை மாடு விழுந்த வீடு என்று ஒதுக்கியிருந்தார்கள். யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. காசிநாதன் தனியாகவே கதவைத் திறந்து அடுப்பை மூட்டினான். பால் காய்ச்சச் சின்னப்பொண்ணு வரவில்லை. காய்ச்சுவதற்குப் பாலும் இல்லை.