வடக்கு மூலை

தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில் புல்வெட்டும் இயந்திரம் நுழையவே கூடாது என்று பாதிரியாரோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவள் நெஸ்டா. இலையுதிர் காலத்தில் அங்கே ரோஜா நிறத்தில் மெழுகுபோல மினுங்கும் காளான்கள் முளைக்கும். வேல்ஸின் அந்த மலைப்பக்கத்தில் வேறெங்கும் அதைப் பார்த்தவர் இல்லை. முதலில் கண்டுபிடித்தவள் டெக்வென். ஞாயிறுதோறும் காளானும் பறவையும் தேடி அலையும் அவர்கள் குழுவில் நெஸ்டாவுக்கு உயிர்த்தோழி.

மார்ச் மாதம் டெக்வென் இறந்துபோனாள். மறுநாள் அவள் கணவன் இத்தெல் நெஸ்டாவின் வாசலில் வந்து நின்றான்.

"அவள வடக்கு மூலையிலதான் அடக்கம் பண்ணணும். பாதிரியார் உன்னக் கேட்டுக்கச் சொன்னாரு."

நெஸ்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்க தோண்டினா அவ்வளவுதான், இத்தெல். காளான் திரும்ப வராது. கிழக்குப் பக்கம் எவ்வளவு இடம் கெடக்கு! டெக்வெனே இதக் கேட்டிருக்க மாட்டா."

"அவதான் கேட்டா."

"காளானுக்காகவா?"

"காளான் கெடக்குது, விடு. அங்க சுவரோரமா எங்க பொண்ணு இருக்கா. பொறந்து ஒரு வாரம்கூடத் தங்கல. கல்லு வைக்க அப்ப எங்களுக்கு மனசு வரல."

இத்தனை வருஷப் பழக்கத்தில் டெக்வென் இதை நெஸ்டாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தக் காளானைக் கண்ட அன்று அவள் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். "என்னடி, புழு பிடிக்கிறியா?" என்று நெஸ்டா கேலி செய்தாள். டெக்வென் முகத்தைத் திருப்பாமலே விரலை நீட்டி, "இங்க பாரேன், என்ன அழகு!" என்றாள். குரல் கரகரத்திருந்தது. சளி என்று நெஸ்டா நினைத்துக்கொண்டாள்.

"தோண்டச் சொல்லு," என்றாள் இப்போது.

அடக்கத்துக்கு முன்னால் குழுவினர் புல்லை மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்துச் சாக்கின்மேல் வைத்து, குழி மூடியதும் இருந்தபடியே பதித்தார்கள். காளான் பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இலையுதிர் காலம் வந்தது. தோட்டமெங்கும் மஞ்சளும் சிவப்புமாகக் காளான்கள் கிளம்பின. வடக்கு மூலையில் மட்டும் வெறும் புல். நெஸ்டா பார்த்துக்கொண்டு நின்றபோது இத்தெலும் வந்தான்.

"வந்துச்சா?"

"இல்ல."

"என்மேல கோவமா?"

"உன்மேல என்ன கோவம்? அவமேலதான். எங்கிட்டயாவது சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

"எங்கிட்டயே இதப் பத்திப் பேச மாட்டா. தனியாத்தான் இங்க வருவா. நானும் கேக்க மாட்டேன்."

நெஸ்டா சுவரோரமாகப் போய்க் குந்தினாள்.

"கொழந்தைக்குப் பேரு வெச்சீங்களா?"

"எலினெட்."

"எலினெட்," என்று நெஸ்டா சொல்லிப் பார்த்தாள்.

அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டதும் இத்தெல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.