ஒரு காடிகூட இல்லாத சந்து

1

இந்தக் கதை ஒரு வாட்சாப் செய்தியில் தொடங்கியது. அதை எழுதியவள் நான். முதல் வரைவில் 'யாரோ அனுப்பிய செய்தி' என்றுதான் எழுதியிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த லோகேஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"யாரோவா? அக்கா, நீங்கதானே லா அனுப்புனீங்க!"

வெட்டிவிட்டேன்.

நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது பினாங்கில், பாயான் பாருவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் காத்திருப்பு அறையில். வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. உள்ளே லோகேஸ்வரியின் அப்பா மோகனராஜ் அண்ணனை இயந்திரத்தோடு இணைத்திருக்கிறார்கள். நான்கு மணி நேரம் ஆகும். வெளியே மழை. மலாக்கா நீரிணையில் ஒரு புயல் எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'வானம் கறுத்துக்கொண்டு வந்தது.' (வேண்டாம். எந்தப் புயல் கதையில்தான் வானம் வெளுத்தது?)

'பினாங்குக்குப் புயல் வராது, சுமத்ரா குறுக்கே படுத்து நம்மைக் காக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு' (பாடநூல் வாடை. விட்டுவிட்டேன்.)

'வானிலை வரைபடத்தில் புயலின் பாதையை ஒரு விசிறி மாதிரி வரைந்திருந்தார்கள். விசிறியின் ஓரத்தில் எங்கள் தீவு இருந்தது.' (இது இருக்கட்டும். உண்மையும்கூட.)

3

எங்கள் சந்து கெலுகோரில் பள்ளத்தில் இருக்கிறது. பதினான்கு வீடுகள். சில வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில் சந்தில் இருந்த அத்தனை காடிகளும் மூழ்கின. (காரை எங்களூரில் காடி என்போம்.) அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பெரிய மழை என்று சேதி வந்தால் முதல் வேலை, மேட்டில் இருக்கும் பேரங்காடியின் மாடி நிறுத்துமிடத்தில் காடிகளை விட்டுவிட்டு வருவது. அதற்குப் பிறகுதான் ஐஸ்பெட்டிக்கு அடியில் செங்கல் வைப்பது, சாமிப் படங்களை அலமாரி உச்சிக்கு ஏற்றுவது எல்லாம்.

புதன்கிழமை விசிறிப் படத்தைப் பார்த்ததும் சந்தின் வாட்சாப் குழுவில் எழுதினேன். நான் எழுத்தாளர் என்பதால் குழுவின் நிர்வாகி வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். 'புயல் கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு காடிகூடக் கீழே இருக்கக் கூடாது' என்று தொடங்கி, பழைய வெள்ளத்தை நினைவுபடுத்தி, கொஞ்சம் பயமும் காட்டி முடித்தேன்.

இருபத்தைந்து வருடமாக எழுதுகிறேன். என் கதையைப் படித்து ஒருவர் நாற்காலியைவிட்டு எழுந்ததாகக்கூடத் தகவல் இல்லை. இந்தச் செய்திக்கு இருபத்தாறு காடிகள் கிளம்பின. ஆறு மணிக்குச் சந்து துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

4

மறுநாள், அதாவது இன்று காலை பத்து மணிக்கு, லோகேஸ்வரி முழங்காலுக்கு மேல் தண்ணீரில் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, சென்டர்ல போன் பண்ணாங்க. அப்பாவோட சாயங்கால டைம் கேன்சலாம். பன்னெண்டரைக்குள்ள வந்தா ஒரு கட்டில் இருக்காம். நாளைக்கு மூடிருவாங்க. காடி எல்லாம் மேல இருக்குக்கா."

"ஓடிப்போய் ஒண்ண எடுத்துட்டு வா."

"எப்படி எறக்குறது? கீழ் ரோட்டுல இடுப்பு வரைக்கும் பஞ்ஜிர் தண்ணி."

நாங்கள் வெள்ளத்திலிருந்து காடிகளைக் காப்பாற்றியிருந்தோம். சந்தில் ஆள்களும் இருப்பார்கள் என்பது என் அழகான செய்தியில் இல்லை.

மோகனராஜ் அண்ணனுக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஒரு முறை தவறினால் உடம்பு வீங்கும், மூச்சு வாங்கும். இரண்டு முறை தவறினால் (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.) சர்க்கரை நோயில் இடது பாதத்தின் பாதியை எடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணில் சாக்கடைத் தண்ணீர் படவே கூடாது. சக்கர நாற்காலியோ இருக்கைவரை நனைந்துவிடும். வாடகைக் காடி ஓட்டுநர்கள் ஆறு பேர் இடத்தைப் பார்த்ததும் ரத்து செய்தார்கள். மீட்புப் படகுக்குச் சொன்னோம், வரிசையில் பதினேழாவது என்றார்கள்.*

* அவர் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்திருப்பது நான்கு கிளாஸ்கூட இல்லை. சுற்றிலும் வெள்ளம். இதை வைத்து ஓர் உருவகம் செய்யக் கை அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

5

ஷேக் அலாவுதீனை இங்கே கொண்டுவர வேண்டும். மீ கோரேங் (நூடுல்ஸ் வறுவல்) விற்கும் தள்ளுவண்டிக்காரர், ஒன்பதாம் நம்பர் வீடு. முதல் வரைவில் அவரை முசுடாக எழுதியிருந்தேன். காரணம் இலக்கியம் அல்ல. வண்டியை என் கேட்டுக்கு முன்னால் நிறுத்துகிறார் என்று இரண்டு வருடமாகச் சண்டை.

அவர் தண்ணீரில் நடந்து வந்து, "எழுத்தாளரக்கா, நம்ம வண்டி இருக்கு, அண்ணன அதுல ஏத்துவோம்" என்றார்.

"நீங்க மேல கொண்டு போகலையா?"

"நேத்து கேட்டேன். எல்லாருக்கும் காடிய ஏத்துற அவசரம். தனியாத் தள்ள முடியல, விட்டுட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, இறக்கி, சட்டி வைக்கும் துளையின் மேல் பலகை போட்டு, அதன்மேல் தலையணை வைத்தோம். மோகனராஜ் அண்ணன் வாசலில் வந்து பார்த்தார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் இருபது வருடம் கிரேன் ஓட்டியவர்.

"ஆயிரக்கணக்குல கண்டேனர் தூக்குன ஆளு நான். என்னய மீ கோரேங் வண்டியில ஏத்துறீங்களா? தைப்பூச ரதம் கணக்கா?"

"ஆமாண்ணே. தேங்கா ஒடைக்கத்தான் ஆளில்ல, ஏறுங்க" என்றார் ஷேக் அலாவுதீன்.

ஏறினார். இரண்டு கால்களையும் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறு பேர் தள்ளினோம். மேட்டுக்கு நானூறு மீட்டர்தான். (இங்கே 'மழை ஊசிகளாய்' என்று எழுதி அடித்துவிட்டேன். மழை மழையாகவே பெய்தது.)

சந்துமுனையில் நான் எதிர்பார்க்காதது நடந்தது. சாலை எது, லோங்காங் என்னும் ஓரச் சாக்கடை எது என்று தெரியவில்லை. எங்களூர் லோங்காங் ஆளை விழுங்கும் ஆழம். மூடிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. முன்னால் போன ஷேக் அலாவுதீன் காலைத் தூக்கினார்.

"நில்லு! வலது கால வைக்காத!" வண்டியின் மேலேயிருந்து ஒரு சத்தம். "அங்க தண்ணி சுழலுது பாரு. எடது பக்கம் வா. இன்னும் கொஞ்சம். ம், இப்பத் தள்ளு."

அங்கிருந்து மேடுவரை அண்ணன் சொன்னார், நாங்கள் தள்ளினோம். உயரத்திலிருந்து கீழே பார்த்து நகர்த்துவதுதானே அவர் இருபது வருடம் செய்த வேலை. இந்தக் கதையில் அவரை நோயாளியாகத்தான் திட்டமிட்டிருந்தேன். பாதி வழியில் என் கையை மீறிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மேட்டில் விட்டிருந்த காடி ஒன்றில் அவரை ஏற்றி, பன்னிரண்டு இருபதுக்கு இங்கே வந்து சேர்ந்தோம்.

6

இப்போது மணி மூன்றரை. புயலின் அடுத்த அறிவிப்பு ஐந்து மணிக்கு. என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) புயல் கடலிலேயே வலுவிழக்கிறது. எல்லாரும் காடிகளை இறக்கி வருகிறோம்.

(ஆ) தெற்கே திரும்பிப் பேராக் மாநிலத்துப் பக்கம் போகிறது. எங்களுக்கு நிம்மதி. இதை எழுதும்போதே நெஞ்சு உறுத்துகிறது. அங்கேயும் பள்ளத்தில் ஒரு சந்து இருக்கும், வியாழனும் சனியும் பார்த்துப் பிழைக்கும் ஒருவர் இருப்பார். அவர் வாசலுக்குப் புயலை அனுப்ப நான் யார்?

(இ) நேரே வருகிறது.

தாதி அனுமதித்ததும் உள்ளே போய், எந்த முடிவை எழுதட்டும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"புயல என்னமோ பண்ணிக்க லா. என்னய மட்டும் முடிச்சிராத. சனிக்கெழம எனக்கு டைம் இருக்கு."

7

ஆகவே முடிக்கவில்லை. மூன்று முடிவுகளையும் உங்களிடம் தந்துவிடுகிறேன், நான்காவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகள் நனைந்தால் நனையட்டும், கழுவிக்கொள்வோம். சனிக்கிழமை மட்டும் அவரை இங்கே கொண்டுவந்து சேருங்கள். வழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். அதை அவர் மேலேயிருந்து சொல்வார், நீங்கள் தள்ளினால் போதும்.