எப்சிபா கட்டிய ஆறு தவணை

சித்திரபுரத்துக்குப் பக்கத்து வங்கிக் கிளையில் எப்சிபா காசாளர். தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்த முதல் ஆள். கொரோனா ஊரடங்கு வந்த மார்ச்சில், கடன் தவணையை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, லயத்துக்காரர்கள் வங்கி வாசலில் ஒட்டியிருந்த மலையாள நோட்டீஸை நம்பவில்லை. எப்சிபா என்ன சொல்கிறாள் என்று வாட்ஸ்அப்பில் காத்திருந்தார்கள்.

முதலில் பதிவு செய்த குரல் செய்தியில், வட்டி நிற்காமல் ஓடும் என்றும் சொல்லியிருந்தாள். போட்டுக் கேட்டாள். சிரித்துக்கொண்டே பயமுறுத்துவது போலிருந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசினாள்.

"மூணு மாசம் தவணை கட்ட வேண்டாம். யாரும் பயப்படாதீங்க."

கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. அன்று மாலையே கணவன் சிஜுவின் ஜீப் கடன் தவணையைத் தன் சம்பளத்திலிருந்து சத்தமில்லாமல் கட்டினாள். மூன்று மாதம் ஆறு மாதமானபோதும் விடவில்லை. சிஜுவிடம் சொன்னால் லயம் முழுக்கச் சொல்லிவிடுவான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தெடுக்கும் கத்தரீனாள் தன் வீட்டுக் கடன் தாளோடு வந்தாள்.

"இதக் கொஞ்சம் பாரு எப்சி. முடியுற தேதியத் தப்பா அடிச்சிருக்கான்."

தப்பில்லை. பதினேழு மாதம் தள்ளிப் போயிருந்தது.

"ஆறு மாசந்தான கட்டல?"

"வட்டி முதலோட சேந்துட்டுதுக்கா."

கத்தரீனாள் விரல் மடக்கிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் வேலை முடியும். லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதற்குள் கடன் தீரும்படி கணக்குப் பார்த்து வாங்கியது.

"அப்ப சம்பளம் நின்ன பெறவும் கட்டணும்." தாளைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒன்னயச் சொல்லி என்ன செய்ய. உங்களுக்கும் இதே கதிதான?"

பாலில்லாத கட்டங்காப்பியோடு வந்த சிஜு சிரித்தான். "பின்னே? சவாரியே இல்லாத ஜீப்புக்கு வட்டி மட்டும் நல்லா ஓடியிருக்கும்க்கா."

ஆமென்று தலையை ஆட்டினால் போதும். எப்சிபா ஆட்டவில்லை.

"நமக்கு வட்டி கூடல. ஆறு மாசமும் நான் கட்டிட்டேன்."

சிஜுவின் சிரிப்பு நின்றது.

"வட்டி ஓடும்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?" என்றாள் கத்தரீனாள்.

"தெரியும்க்கா."

கத்தரீனாள் தாளை நாலாக மடித்தாள். "எவ்வளவு ஆறுதலாப் பேசியிருந்தே. நான் ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன்." காப்பியைத் தொடாமலே படியிறங்கிப் போனாள்.

சிஜு படியில் உட்கார்ந்தான்.

"மாசாமாசம் அக்கா கப்பக்கிழங்கு கொடுத்தனுப்பினாங்க, எப்சி. தவணை கட்ட வழியில்லாம நிக்கேன்னு நெனச்சு. நானும் வாங்கிட்டு வந்தேன்."

அந்த மரவள்ளிக் கிழங்கையெல்லாம் வேகவைத்துப் பரிமாறியது அவள்தான்.

சிஜு கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அவளால் அதில் உட்கார முடியவில்லை.