உடன் வருபவர்

"உங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

அத்தை கேட்டதும், அவள் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டித் துண்டு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அவளுடைய அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது.

"எங்க அப்பா இல்லையே அத்தை. உங்களுக்குத் தெரியுமே."

அத்தையின் முகம் ஒரு நொடி வெளுத்தது. அடுத்த நொடியே சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. "அட, ஆமால்ல! வயசாயிடுச்சும்மா, யாரையோ நினைச்சுக்கிட்டு யார்கிட்டயோ கேக்கறேன். நீ சாப்பிடு. இன்னிக்கு இண்டர்வியூ இல்ல?" என்று எழுந்துபோய், கழுவி வைத்திருந்த தட்டையே மறுபடி எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

அத்தை என்றால் அவளுக்குச் சொந்த அத்தை அல்ல. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் அத்தை. வந்திருப்பதோ முன்பின் தெரியாத தேசம். துணி தேய்க்கிற அறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சும்மா படுத்திருக்க மனசு கேட்காமல் வீடு துடைப்பதும், துவைப்பதும், சமைப்பதும் அவள் வேலையாகி எழுபத்தோரு நாளாகிவிட்டது. வேலை தேடுவதற்கென்று கொடுத்த விசா மொத்தம் தொண்ணூறு நாள். இன்னும் பத்தொன்பது நாள்தான் பாக்கி.

சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் எக்ஸ்ரே பிரிவில் இருந்தவள். நோயாளிகள் வைத்த "எக்ஸ்ரேக்காரி" என்ற பெயர் வீடுவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. முப்பத்திரண்டு வயது. பின்னாலேயே ஒரு தங்கை, இவளுக்கு எப்போது முடியும் என்று காத்திருக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தக் குடும்பம் வந்தது.

அப்பப்பா, என்ன பெருந்தன்மை! "பவுன் வேண்டாம், சீர் வேண்டாம், ஒரு குண்டூசிகூட வேண்டாம். வரதட்சணைன்னு வாயாலயே சொல்ல மாட்டோம், நாங்க அந்த மாதிரி குடும்பம் இல்ல" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "பொண்ணு வெளிநாட்டுல ஒரு வேலையை வாங்கிட்டா போதும். எங்க பையன் பின்னாலயே போய்ச் சேர்ந்துக்குவான். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, கண்ணு பட்டுடும். நீ இப்பவே என்னை அம்மான்னு கூப்பிடு தாயி."

பெண்ணைப் பெற்றவள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். எக்ஸ்ரேக்காரியும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாள். திரும்பிப் போனால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். வேலையும் இல்லாமல் கல்யாணமும் இல்லாமல் அம்மாவின் முகத்தில் விழிக்க வேண்டியதுதான்.

தினமும் போன் வரும். "ஏதாவது விசேஷம் உண்டா?" கல்யாணமாகி வந்த மருமகளிடம் கேட்கிற கேள்வியை, கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்கிற ஒரே மாமியார் அவளாகத்தான் இருப்பாள். அன்று காலையும் போன் வந்தது.

"இண்டர்வியூவுக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் போ, தாயி. கண்ணாடி போட்டா வயசு கூடத் தெரியுது."

"நான் கண்ணாடியே போடறதில்லையேம்மா."

"ஓ... எதுக்கும் சொல்லி வச்சேன்" என்று சொல்லி, மாமியார் அவசரமாகப் போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் போகும்போது அந்தக் கண்ணாடிப் பேச்சு மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது. மாமியாருக்கும் வயசாகிறது என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் காத்திருந்தவர்கள் ஐந்து பேர். வேலை ஒன்றே ஒன்று. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் விண்ணப்பத் தாளை மூக்கு நுனிக்குக் கொண்டுபோய், கண்ணை இடுக்கி, "கடவுளே, எழுத்தா இது? எறும்பு ஊர்ற மாதிரில்ல இருக்கு" என்று தனக்குத்தானே முனகினாள். எழுபத்தோரு நாளில் அந்த வீட்டுக்கு வெளியே காதில் விழுந்த முதல் தமிழ். எக்ஸ்ரேக்காரிக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் படிக்கட்டுமாங்க?"

"அப்பாடா, தமிழா! இந்தக் கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்களேன்."

"உடன் வருபவர். வேலை கிடைச்சா கூட வந்து தங்கப் போறவங்க பேரும் உறவும் எழுதணும். கண்ணாடி கொண்டு வரலையா?"

"பைக்குள்ளதான் இருக்கு. எனக்கு வரப்போற மாமியார் போட்டுக்கக் கூடாதுன்னு காலைல போன்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. கண்ணாடி போட்டா வயசு கூடத் தெரியுதாம்."

கேட்கவே கூடாது என்று எக்ஸ்ரேக்காரியின் மனசு சொன்னது. வாய் கேட்டுவிட்டது.

"உங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா?"

"ஆமா, போன வாரம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எக்ஸ்ரேக்காரி தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, சாம்பல் நிறச் சட்டையில் சிரிக்கிற ஒருவன். மற்றவள் கண்ணை இடுக்கினாள்; தெரியவில்லை. பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது எனக்கு அனுப்பின படம்" என்றாள் கடைசியில். "நீங்க யாரு?"

"உன்னை மாதிரி ஒருத்தி. எங்க வீட்டுலயும் ஒரு குண்டூசிகூட வேண்டாம்னுதான் சொன்னாங்க."

"அம்மான்னு கூப்பிடச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

கண்ணாடிக்காரி நகரத்தின் மறுகோடியில் மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறாள். அங்கேயும் துணி, பாத்திரம், மடக்குக் கட்டில். அவளுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருந்தது. இரண்டு பேரும் இதே இண்டர்வியூவுக்கு வருவது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் இரண்டு பேருக்கும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எவள் ஜெயித்தாலும் பையனுக்கு விமானம் உறுதி. தோற்றவளிடம் சொல்ல ஒரு வார்த்தை போதும்: அமையவில்லை. பேச்சாகப் பேசியதுதானே, எழுத்தில் என்ன இருக்கிறது?

"மூணாவதா ஒருத்தி எங்கயாவது துணி துவைச்சுக்கிட்டு இருப்பாளோ?" என்றாள் கண்ணாடிக்காரி. அதைக் கேட்டபோதுதான் எக்ஸ்ரேக்காரிக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கதவு திறந்தது. கண்ணாடிக்காரியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் கை தானாகக் கண்ணாடியைக் கழற்றப் போனது.

வேலை ஒன்று. நாள் பத்தொன்பது. எக்ஸ்ரேக்காரி வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். ஐந்து பேரில் ஒருத்தி கண் தெரியாமல் உள்ளே போய்த் தானாகக் கழிந்துபோவாள். அந்த நினைப்பு அவளுக்கும் வந்தது, வராமல் இல்லை. வந்ததற்காக அவள் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"கழட்டாதே" என்றாள். "படம் பார்க்கிற வேலைக்கு வந்திருக்கோம். போட்டுக்கிட்டே போ."

எல்லாம் முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். "பார்த்து எழுதச் சொன்ன மூணாவது எக்ஸ்ரே படத்துல, மணிக்கட்டு எலும்புல ஒரு விரிசல் முடி மாதிரி ஓடுச்சே, பார்த்தீங்களாக்கா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி. அந்தப் படத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வந்தவள் எக்ஸ்ரேக்காரி. மனசு முழுக்க இன்னொருத்தி அப்பாவின் கண் ஆபரேஷன் ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கட்டு எங்கே தெரியும்? வேலை போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அழுகை வருவதற்குள் பஸ் வந்துவிட்டது.

மூன்று நாள் அத்தை வீட்டில் அவள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "என்ன சொன்னாங்க?" என்று அத்தை கேட்டபோதெல்லாம், "சொல்லி அனுப்பறோம்னாங்க" என்றாள். அத்தையின் பார்வை முதுகில் ஊர்வது, துணி தேய்க்கும்போதும் தெரிந்தது. கண்ணாடிக்காரியுடன் போனில் மட்டும் பேச்சு நடந்தது.

நான்காம் நாள் காலையில் அத்தை அடுக்களையில் போனோடு குசுகுசுவென்று பேசினாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் உட்காரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. தம்பிக்கு வேற இடம் அமைஞ்சிடுச்சு. எல்லாம் நம்ம கையிலயா இருக்கு? நீ இன்னிக்கே கிளம்பிட்டா நல்லது. அந்தப் பொண்ணு இங்க வந்து தங்கும், ரூம் வேணும்."

"சரி அத்தை."

அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்த அத்தைக்கு அந்தச் "சரி" ஏமாற்றமாக இருந்தது. "எதையும் மனசுல வச்சுக்காதே. உங்ககிட்ட எதுவும் வாங்கின குடும்பம் இல்ல நாங்க" என்று சொல்லி வைத்தாள்.

மத்தியானத்துக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது. கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அத்தையின் போன் மறுபடி அலறியது. மாப்பிள்ளையின் அம்மா போட்ட கூச்சல் வாசல்வரைக்கும் கேட்டது.

"வேலைக்குக் கையெழுத்துப் போட்ட தாளை அனுப்புடின்னு நம்ம பையன் அவகிட்டக் கேட்டான். அனுப்பியிருக்கா பாரு! உடன் வருபவர்ங்கிற இடத்துல குறுக்கே ஒரு கோடு போட்டு வச்சிருக்கா! ஏன்னு கேட்டா, என்கூட யாரும் வரல, அதான் போட்டேன்ங்கிறா! ஒரு பைசா கேக்காத குடும்பத்துக்கு இப்படி ஒரு துரோகமா?"

கூச்சல் திடீரென்று தணிந்து, அதே குரல் பதறியது. "ஏய், அந்த இன்னொருத்தி... கிளம்பிட்டாளா? அவளைப் போக விடாதே! அவளுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு!"

அத்தை போனைக் கீழே வைத்தாள். திரும்பியபோது முகமெல்லாம் சிரிப்பு. ஓடிவந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, சாப்பிடாம கொள்ளாம கிளம்பற? ஏதோ கோபத்துல சொன்னதை மனசுல வச்சுக்குவாங்களா? நீதான் எங்க வீட்டுப் பொண்ணு. நான் இப்பவே உங்க அப்பாகிட்டப் பேசறேன், இரு."

எக்ஸ்ரேக்காரி அந்தக் கையைப் பெட்டியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள். பதினாறு நாளில் வேலை கிடைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி விடுதியில் கண்ணாடிக்காரிக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில் இருப்பது மட்டும் தெரியும்.

"எங்க அப்பா இறந்து ஆறு வருஷமாச்சு அத்தை" என்றாள். "கண் ஆபரேஷன் பண்ணினது அவளோட அப்பாவுக்கு. கட்டைப் பிரிச்சாச்சாம். இப்ப எல்லாம் நல்லாத் தெரியுதாம்."

பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.